பல்மானி வாங்குவார் அறியவேண்டுவன

தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் மின்னளவு கருவியைப் பற்றி எழுதப் புகுந்தமை பழைய மாணவர் சிலருக்கு வியப்பளிக்கலாம். எமது கல்லூரியின் இலத்திரனியற் கழகத்துக்குப் பொறுப்பாசிரியர் இல்லாதிருந்த ஓராண்டில் அப்பொறுப்பு எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டும், மாணவரோடு இருந்து பழுதாக்கியும் திருத்தியும் யாம் கற்றவற்றுள் ஒன்றை இவ்விழா மலரிற் பதிந்து வைக்க விரும்புகின்றோம்.

அவ்வாண்டு நிகழ்ந்த ஒன்றை முதலிற் கூறுதல் வேண்டும். தந்தையை இழந்த மாணவனொருவன் எம்மிடம் வந்து, "சேர், எந்த மீற்றரை வாங்கலாம்?" என்று கேட்டான். யாம் சற்றும் சிந்தியாது, "மலிவானதை வாங்கு, தம்பி, எல்லாம் ஒன்றுதான்" என்று கூறிவிட்டோம். தாய் தையல் வேலையிற் சேர்த்த காசில் அவனும் ஒன்றை வாங்கினான். இரண்டு கிழமை சென்றபின், ஒரு நாள் மின்னோட்டத்தை அளந்துவிட்டு, சிவப்புக் கம்பியை 10 அம்பியர்த் துளையிலிருந்து மாற்ற மறந்து, மோட்டார் சைக்கிள் பற்றரியின் இரு முனைகளிலும் கம்பிகளை வைத்தான். தீப்பொறி பறந்தது, கம்பியின் உறை உருகியது, அவன் விரல்கள் சுடப்பட்டன. கருவியைத் திறந்து பார்த்தோம். அத்துளைக்கு உருகியே இடப்படவில்லை. அந்தப் பற்றரி 12 வோல்ற்று மாத்திரமே. அவ்விடத்தில் வீட்டுச் சுவரின் 230 வோல்ற்று இருந்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணும்போதெல்லாம், "எல்லாம் ஒன்றுதான்" என்ற எமது சொல் எம்மை உறுத்துகின்றது. அச்சொல்லைத் திருத்துதற்கே இக்கட்டுரை.

கருவியின் வரலாறு

ஒரு காலத்தில் ஓட்டத்துக்கு ஒரு மானியும், அழுத்தத்துக்கு ஒரு மானியும், தடைக்கு ஒரு மானியும் வேறு வேறாகச் சுமந்து திரிய வேண்டியிருந்தது. பிரித்தானிய அஞ்சற்றிணைக்களப் பொறியியலாளராயிருந்த டொனால்ட் மக்கடி என்பவர் இம்மூன்றையும் ஒரே பெட்டியுள் அடக்கினார். அக்கருவி 1923இல் விற்பனைக்கு வந்தது. அம்பியர், வோல்ற்று, ஓம் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து அதற்கு 'அவோ' மானி எனப் பெயரிட்டனர். அது முள் அசைந்து காட்டும் கருவி. பின்னர் எண்ணாகவே காட்டும் இலக்கமுறைப் பல்மானி தோன்றியது. அதன் வேலையிற் பெரும்பகுதியைத் தனியொரு ஒருங்கிணைந்த சுற்றே செய்யக்கூடியதானபின், அது மாணவர் கைக்கும் எட்டும் விலைக்கு வந்தது.

எதை அளக்கப் போகின்றோம்?

வாங்குமுன் எழுப்பவேண்டிய முதல் வினா இதுவே. தொடக்க நிலை மாணவன் அளப்பவை பெரும்பாலும் 20 வோல்ற்றுக்கு உட்பட்ட நேரோட்ட அழுத்தம், தடை, இருவாயியின் நிலை, கம்பி அறுந்துள்ளதா என்னும் தொடர்ச்சி ஆகிய நான்குமே. தொடர்ச்சியை ஒலியால் உணர்த்தும் வசதி கட்டாயம் வேண்டும். மிக மலிந்த சிலவற்றில் அஃது இல்லை. கொள்ளளவத்தை அளக்கும் வசதியிருப்பின் நன்று. வெப்பநிலை, திரான்சிற்றரின் பெருக்கம் முதலியவற்றைக் காட்டிப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் நீண்ட பட்டியலைக் கண்டு மயங்குதல் கூடாது.

இலக்கமும் திருத்தமும்

2000 எண்ணிக்கைக் கருவி 1999 வரையுமே காட்டும். ஆதலின் 5 வோல்ற்றை 20 வோல்ற்று வீச்சில் வைத்து 5.00 எனக் காட்டும். 6000 எண்ணிக்கைக் கருவியோ அதனையே 5.000 எனக் காட்டும். ஆயினும் இலக்கங் கூடினால் உண்மையுங் கூடும் என்று கருதுதல் தவறு. 2000 எண்ணிக்கைக் கருவியொன்றின் குறிப்பேட்டில் 'அரை வீதமும் இரண்டு இலக்கமும்' வழு எனக் கண்டிருந்தால், அந்த 5.00 இல் அரை வீதம் 0.025, கடைசி இலக்கம் இரண்டு என்பது 0.02, ஆக வழு 0.045 வோல்ற்று. மெய்யான அளவு 4.955க்கும் 5.045க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். மாணவர் வேலைக்கு இத்திருத்தம் தாராளமாகப் போதும்.

சாட்சியும் வழக்கும்

அளவுகருவி ஒரு சாட்சி. சாட்சியே வழக்கை மாற்றிவிடுதலும் உண்டு. 10 இலட்சம் ஓம், அதாவது ஒரு மெகாஓம், தடைகள் இரண்டைத் தொடராக இணைத்து 9 வோல்ற்றுக் கொடுத்தால் நடுவில் 4.5 வோல்ற்று இருத்தல் வேண்டும். 10 மெகாஓம் உட்தடையுள்ள பல்மானியால் அளப்பின் ஏறக்குறைய 4.29 எனக் காட்டும். மலிந்த கருவிகள் சிலவற்றுக்கு உள்ளதுபோல உட்தடை ஒரு மெகாஓமாயின் 3 வோல்ற்று எனவே காட்டும். கருவி பொய் சொல்லவில்லை. தானும் சிறிது ஓட்டத்தை உறிஞ்சுவதால் அவ்விடத்து அழுத்தத்தையே குறைத்துவிட்டது. ஆதலின் உட்தடை 10 மெகாஓம் உள்ளதைத் தெரிதல் வேண்டும். இச்சோதனைக்கு வேண்டிய இரு தடைகளின் விலை அற்பம்; பாடமோ பெரிது.

இன்னொன்று: தன் மின்கலம் சோர்ந்த கருவி பெரும்பாலும் உள்ளதைக் கூட்டியே சொல்லும். மின்கலக் குறி திரையிற் தோன்றியவுடன் புதியது இடுக.

உயிர்க்காவல்

செலவைச் சுருக்கக்கூடாத இடம் இதுவே. மின்னோட்டம் அளக்கும் துளைகளினூடே கருவி ஏறக்குறைய வெறுங் கம்பி போன்றது. ஆதலின் ஒவ்வோர் ஓட்டத் துளைக்கும் உருகி உண்டா எனக் கேட்க. '10 அம்பியர், உருகியில்லை' என்று கருவியின் முகத்திலேயே எழுதியிருப்பதை எம் மாணவனும் கண்டிலன், யாமும் கண்டிலோம். கண்ணாடி உருகியிலும், மணல் நிரப்பிய பீங்கான் உருகி சிறந்தது. பெருமோட்டம் பாயுங்கால் அது வெடிக்காது சுடரை அணைக்கும்.

சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் நியமம் அளக்கும் இடங்களை வகுத்துள்ளது. சுவர்த் துளையிற் செருகும் சாதனங்கள் இரண்டாம் வகை. கட்டடத்தின் நிலையான மின்னிணைப்பும் பகிர்வுப் பலகையும் மூன்றாம் வகை. வீதியிலிருந்து மின் வந்து சேரும் இடம் நான்காம் வகை. மூன்றாம் வகை, 600 வோல்ற்று எனக் குறித்த கருவி எம் வீடுகளுக்குத் தக்கது. ஆயினும் அச்சிட்ட எழுத்தை மாத்திரம் நம்பற்க. உருகியின் தரத்தையும், கம்பியுறையின் தடிப்பையும், செருகியின் உலோகம் வெளித்தெரியாது மூடப்பட்டுள்ளதா என்பதையும் நோக்குக.

மிக மலிந்த கருவியன்றி வேறொன்றை வாங்க இயலாதவன் அதனை வாங்கட்டும்; அதில் இழுக்கில்லை. பற்றரியால் இயங்கும் சிறு சுற்றுக்களுக்கு அது நன்கு உதவும். சுவர் மின்னுக்கு மாத்திரம் அதனைக் கொண்டு செல்லற்க. ஓட்டம் அளந்து முடிந்ததும் கம்பியைத் தன்னிடத்துக்கு மாற்றுதலை, உண்டபின் கை கழுவுதல் போல வழக்கமாக்கிக்கொள்க.

கடையில் ஒரு சோதனை

ஒரு வீத வழுவுள்ள 1000 ஓம் தடையொன்றைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்க. நல்ல கருவி 990க்கும் 1010க்கும் இடையிலோ மிக அண்மையிலோ காட்டும். பின்னர் கம்பிகளின் நுனிகளை ஒன்றோடொன்று தொடுத்துத் தடை வீச்சில் நோக்குக. ஓர் ஓமுக்குக் குறைவாக எண் நிலைத்து நிற்றல் வேண்டும். கம்பியை அசைக்கும்போது எண் துள்ளுமாயின் அக்கம்பி ஆகாது. தெரிகுமிழ் தளர்வின்றித் திரும்புகின்றதா என்பதையும் பார்க்க.

அம்மாணவனுக்கு மூன்றாம் வகைக் கருவியொன்றைப் பின்னர் யாமே வாங்கிக் கொடுத்தோம். அது கொடையன்று, கடன். இன்று கழகத்திற் சேரும் ஒவ்வொருவருக்கும் முதற்பாடத்தை அவனே நடத்துகின்றான். கருகிய பழைய கருவியை மேசைமீது வைத்துத்தான் தொடங்குவான்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர் பலர், "கல்லூரிக்கு என்ன அனுப்பலாம்?" என்று கேட்பதுண்டு. விலை மிக்க ஒன்றினும், தரமான உருகியுள்ள நடுத்தரப் பல்மானிகள் சிலவும், அவற்றுக்கு மாற்று உருகிகளும் அனுப்புவீராயின் பயன் பெரிது. அவற்றைத் தொடும் சிறு விரல்கள் எம் பிள்ளைகளுடையவை.