ஒன்றரை மதிப்பெண்

அன்பு மருமகன் முத்துவுக்கு,

மாமா எழுதுவது. குரூப் 4 தேர்வு முடிவு பற்றி உன் அம்மா ஃபோனில் சொன்னாள். ஒரே ஒரு கேள்வியில் கவுன்சலிங் வாய்ப்புப் போய்விட்டதாமே. அன்றிலிருந்து நீ யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

200 கேள்வி, 300 மதிப்பெண், கேள்விக்கு ஒன்றரை. லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் ஒரே மதிப்பெண்ணில் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். ஒன்றரை கூடினாலும் குறைந்தாலும் ரேங்க் எங்கேயோ போய்விடும். அந்த ஒரு கேள்வியில் இரண்டு விடைகளுக்கு நடுவே தடுமாறி ஒன்றை ஷேட் செய்தாய். உனக்கு மேலே இருப்பவனும் எங்கேயாவது அப்படித் தடுமாறியிருப்பான். அவனுக்கு விழுந்தது, உனக்கு விழவில்லை. இதை வைத்து உன் தகுதியை எடைபோடாதே. கட் ஆஃப் வரை உன்னைக் கொண்டுவந்தது உன் படிப்புதான்.

அதிர்ஷ்டம் எதுவரை, படிப்பு எதுவரை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சர் சி.வி. ராமன் 1907-இல் நிதித்துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவுக்கு உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகப் போனார். டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் ஓர் அறிவியல் கழகத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. அவரை வேறு ஊரில் போட்டிருந்தால் பட்டிருக்காது. அது மட்டும் அதிர்ஷ்டம்தான். ஆனால் மாணவராக இருந்தபோதே, 1906-இல், லண்டன் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டவர் அவர். அதனால்தான் பலகையைப் பார்த்ததும் உள்ளே போய்க் கேட்கத் தோன்றியது. ஆபீஸுக்கு முன்னும் பின்னும் ஆய்வகம், இடையில் ரங்கூன், நாக்பூர் என்று மாற்றல். 1917-இல் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியரானார். அதுவரை அரசாங்க வேலையை விடவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும்.

நீயும் அப்படியே, உனக்கு வந்திருக்கும் ஆடிட்டர் ஆபீஸ் வேலைக்குப் போய்க்கொண்டே அடுத்த தேர்வுக்குப் படி. ‘முழுநேரமாகப் படித்தால்தான் முடியும்’ என்று நண்பர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வீட்டில் சும்மா இருக்கிறோம் என்ற குற்ற உணர்ச்சியே பாதிப் படிப்பைத் தின்றுவிடும். டேலியும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் கைக்கு வந்துவிட்டால் எந்த ஊரிலும் பிழைக்கலாம். குரூப் 4-இல் காலியிடம் எத்தனை வரும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அது உன் கையில் இல்லை. இன்னும் எத்தனை தடவை எழுதுவாய் என்பது உன் கையில் இருக்கிறது. அதை அடுத்த முடிவு வந்த பிறகு, அழுதுகொண்டு தீர்மானிக்காதே. இரண்டு தடவை என்றால் இரண்டு தடவை. இப்போதே அம்மாவிடம் சொல்லிவிடு.

திங்கட்கிழமை ஆடிட்டரைப் போய்ப் பார். முதல் சம்பளத்தில் டெஸ்ட் பேட்ச் கட்டணத்தை எடுத்துக்கொண்டு மீதியை அம்மாவிடம் கொடு.

இப்படிக்கு,
உன் மாமா