திக்கும் நாவிற்குத் துணை

நான்காம் வகுப்பில் வருகைப் பதிவின்போது "உள்ளேன், சிஸ்டர்" என்று சொல்ல என் தோழி ஒருத்தி திணறுவாள். "உ... உ..." என்று அவள் தவிக்க, வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்தேன்.

திக்குவாய் அறிவுக் குறைவன்று. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். பல குழந்தைகளுக்குத் தானே மறைந்துவிடும். நீடித்தால் பேச்சுப் பயிற்சி வல்லுநரின் உதவி வேண்டும்.

பள்ளிகளில் பணிபுரியும் இவ்வல்லுநர், முதலில் குழந்தையைப் பேசவிட்டுப் பொறுமையாகக் கேட்கிறார். செவிப் பரிசோதனையும் செய்யச் சொல்கிறார். காதில் விழாத ஒலியை நா எப்படிச் சொல்லும்? ரகரமும் ழகரமும் வராதவர்க்கு, நாவை எங்கே வைப்பதென்று கண்ணாடி முன் காட்டுகிறார். திக்குவோர்க்கு, அவசரமின்றி மூச்செடுத்து முதல் ஒலியை மென்மையாகத் தொடங்கப் பழக்குகிறார். இத்தகையோரை உருவாக்கவே 1965-இல் மைசூரில் அகில இந்திய பேச்சு, கேட்டல் நிறுவனம் தொடங்கப்பெற்றது.

ஆயினும், வல்லுநரோடு அக்குழந்தை இருப்பது சிறிது நேரமே. மற்ற நேரமெல்லாம் நம்மோடுதான். எனவே, அன்புத் தோழியரே, திக்குபவளின் சொல்லை நாம் முந்திக்கொண்டு முடிக்க வேண்டாம். "மெதுவாகப் பேசு" என்று அதட்டவும் வேண்டாம். அவள் முகம் பார்த்துக் காத்திருப்போம். அன்று நான் செய்யத் தவறியது அதுவே.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு