தேய்ந்த விசைகளுக்கு எந்தப் பழுதுபார்ப்பு? கமடோர் 64 விசைப்பலகைக்கு ஒரு வழிகாட்டி

1982இல் விற்பனைக்கு வந்த கமடோர் 64 கணினியில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு தண்டும், அதை மேலே தூக்கும் ஸ்பிரிங்கும் உண்டு. தண்டின் நுனியில் கார்பன் கலந்த கறுப்பு ரப்பர் வில்லை இருக்கும். விசையை அழுத்தினால் அந்த வில்லை சர்க்யூட் போர்டின் இரண்டு தடங்களை ஒருசேரத் தொட்டு இணைக்கும். ஆண்டுகள் போகப்போக வில்லையின் முகத்தில் எண்ணெய்ப் பசையும் தூசியும் படிகின்றன, கார்பனும் தேய்கிறது, மின்தடை ஏறுகிறது. பிறகு ஓங்கி அழுத்தினால்தான் எழுத்து விழும்.

திருகைத் தொடுவதற்கு முன்பு, வேலை செய்யாத விசைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். 64 விசைகள் 8 வரிசை, 8 நிரலாக இணைக்கப்பட்டு, 6526 சிப் வழியாகப் படிக்கப்படுகின்றன. ஒரே நிரலின் எட்டு விசைகளும் சேர்ந்து செயலிழந்தால் குற்றம் கனெக்டரிலோ சிப்பிலோ இருக்கும். வில்லைகளைத் துடைத்துப் பயனில்லை. ரீஸ்டோர் விசை இந்தக் கட்டத்தில் சேராதது. பழைய போர்டுகளில் அது மந்தமாக இருப்பதற்குப் பெரும்பாலும் அதன் சுற்றிலுள்ள ஒரு சிறு கெப்பாசிட்டரே காரணம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில விசைகள் மட்டும் தகராறு செய்தால் வில்லைகளைச் சந்தேகிக்கலாம்.

முதலில் செய்ய வேண்டியது துடைத்தல். பலருக்கு இதுவே போதும். ஷிஃப்ட் லாக் சுவிட்சுக்குப் போகும் இரண்டு வயர்களின் சால்டரை எடுத்துவிட்டு, பின்புறத் திருகுகளைக் கழற்றினால் போர்டு தனியே வரும். விசைமூடிகளைப் பிடுங்கத் தேவையில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் வில்லையையும் தடங்களையும் மெல்லத் துடைக்க வேண்டும். பஞ்சில் கொஞ்சம் கறுப்பு ஒட்டுவது இயல்பு. அது முழுக்க நிற்கும்வரை தேய்த்தால் கார்பன்தான் போகும். தடங்களின் மேல் உப்புத்தாள் படவே கூடாது: வில்லைக்கு மாற்று கிடைக்கும், போர்டின் பூச்சு போனால் போனதுதான்.

துடைத்தபின் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வில்லையின் முகத்தில் வைத்து, அதே விசைப்பலகையில் நன்றாக வேலை செய்யும் விசையோடு ஒப்பிட வேண்டும். ஓரிரு வில்லைகள் மட்டும் பின்தங்கினால் இடமாற்றமே சிறந்த வழி. பவுண்டு குறி விசையைத் தட்டுபவர் அரிது; அதன் தண்டை அதிகம் புழங்கும் எழுத்துக்குக் கொடுத்து, தேய்ந்ததை அங்கே வைக்கலாம். இதற்கு விசைமூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். செலவில்லை, பொருத்துவதும் அசல் உதிரி.

பல வில்லைகள் தேய்ந்திருந்தால் கிராஃபைட் பூச்சு, புதிய வில்லை என இரண்டு வழிகள் உள்ளன. ரிமோட் பழுதுபார்ப்புக்கு விற்கும் கிராஃபைட் பூச்சை மெல்லிய ஒரே படலமாகப் பூசி, நன்றாகக் காயவிட வேண்டும். வெள்ளிப் பூச்சு நன்றாகக் கடத்தும்; ஆனால் வளையும் ரப்பரில் வெடித்து உதிரக்கூடும். நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் கார்பன் வில்லைகளைப் புதிதாக ஒட்டுவதே மேல். விட்டத்தோடு தடிமனும் பழையதோடு பொருந்த வேண்டும். தடித்துப்போனால் விசை அழுந்தியே கிடக்கும். பென்சில் கரியைத் தேய்ப்பது சில நாளுக்குத்தான் தாங்கும், அதன் தூள் தடங்களுக்கிடையே விழுந்து தவறான எழுத்தையும் வரவைக்கலாம். அலுமினியத் தாளை ஒட்டுவது இன்னும் மோசம்: தாளில் ஆக்சைடு படியும், விளிம்பு போர்டைக் கீறும்.

இவை கார்பன் வில்லை உள்ள விசைப்பலகைகளுக்கு மட்டுமே பொருந்தும். 1983இல் வந்த ஆப்பிள் லிசாவில் விசைக்கடியில் ஸ்பாஞ்சும் உலோகம் பூசிய பிளாஸ்டிக் தகடும் இருக்கின்றன. அது மின்தேக்கத்தின் மாற்றத்தை உணரும் அமைப்பு என்பதால் கடத்தும் பூச்சு உதவாது. மக்கிய ஸ்பாஞ்சை மாற்ற வேண்டும். சின்கிளேர் ஸ்பெக்ட்ரமில் மெம்பிரேன் தாளின் வால்பகுதி வறண்டு விரிசல் விடும். அதற்குப் புதுத் தாள் வாங்குவதுதான் வழி.

எந்த வழியைத் தேர்ந்தாலும், திருகுகள் பிளாஸ்டிக்கில் பழைய மரையிலேயே இறங்கும்படி முதலில் பின்னோக்கிச் சற்றுத் திருப்பிவிட்டு, பிறகு இறுக்காமல் முடுக்க வேண்டும். ஷிஃப்ட் லாக் வயர்களைச் சால்டர் செய்து, எல்லா விசைகளையும் தட்டிப் பார்த்தபின் பெட்டியை மூடலாம்.