சிக்கிக்கொண்ட தோட்டா உறை

மாணவர்களே, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவைத்த எவர்சில்வர் டம்ளர்கள் சில வேளைகளில் இறுகப் பற்றிக்கொண்டு வர மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடனே அம்மா உள் டம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றி, வெளி டம்ளரைச் சற்று நேரம் வெந்நீரில் நிறுத்துவார். பிறகு ஒரு திருகு, ஓர் இழுப்பு, அவ்வளவுதான். இதில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். டம்ளர் வாய் அகன்று அடி குறுகியது. ஆகவே மயிரிழை அளவு நகர்ந்துவிட்டால் போதும், பிடி முழுவதும் விட்டுப்போகும். அந்த முதல் அசைவுக்குத்தான் பலம் வேண்டும்.

இதே சிக்கல் 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெல்ஜியத்தில் ஈப்பர் நகரை அடுத்த பதுங்கு குழிகளில் எழுந்தது. அங்கே நின்றவர்கள் கனடா நாட்டுப் போர்வீரர்கள். ஏப்ரல் 22-ஆம் நாள் பக்கத்துப் பிரெஞ்சுப் படைகள் மீதும், 24-ஆம் நாள் இவர்கள் மீதும் ஜெர்மானியர் குளோரின் வாயுவை ஏவினர். வாயுவின் பின்னால் எதிரிப் படை வருகிறது. கையிலோ சுடாத துப்பாக்கி! சுட்ட தோட்டாவின் வெற்று உறை குழலுக்குள் இறுகிக்கொண்டது. அதை வெளியே எடுத்தாலன்றி அடுத்த தோட்டா உள்ளே போகாது. வீரர்கள் துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, பூட்ஸ் காலால் அதன் தாழை உதைத்துத் திறக்க முயன்றார்கள். அந்தப் போரில் உயிர்தப்பியவர்களில் 1400-க்கும் மேற்பட்டோர் தங்கள் ராஸ் துப்பாக்கியை எறிந்துவிட்டு, இறந்து கிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

லீ-என்ஃபீல்டு நமக்குப் புதிதன்று. நம் நாட்டில் போலீசாரும் என்.சி.சி. மாணவர்களும் நெடுங்காலம் பயன்படுத்திய 'த்ரீ நாட் த்ரீ' துப்பாக்கி அதுவே. ராஸ் துப்பாக்கியும் அதே 303 தோட்டாவையே சுட்டது. அப்படியானால் ஒன்றில் சிக்கியது மற்றொன்றில் ஏன் சிக்கவில்லை?

முதலில் தோட்டா உறையைப் பற்றித் தெரிந்துகொள்வோம். அது எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளையால் ஆனது. டம்ளரைப் போலவே அடி முதல் முனை வரை சரிந்து குறுகும். குழலின் பின் முனையில் அது உட்காரும் அறையும் அதே சரிவில் கடையப்பட்டது. தோட்டாவை உள்ளே தள்ளி, பின்புறத்தை அடைத்துப் பூட்டுவது ஓர் எஃகுத் தண்டு. நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போன்றதுதான் அது, ஆகவே தாழ் என்றே அழைப்போம். அதன் முனையிலுள்ள கொக்கி உறையின் விளிம்பைப் பற்றியிருக்கும். தாழைத் திறந்து இழுத்தால் கொக்கி உறையையும் வெளியே இழுக்கவேண்டும்.

வெடிக்கும் கணத்தில் உறைக்குள் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 3000 மடங்கு. மெல்லிய பித்தளைச் சுவர் ஊதிய பலூன்போல் அறையின் சுவரோடு அப்பிக்கொள்கிறது. இது வேண்டியதுதான். வாயு பின்பக்கம் கசிந்து சுடுபவரின் முகத்தில் அடிக்காமல் தடுப்பது இந்த அப்பல்தான். ஆனால் குண்டு குழலைவிட்டு வெளியேறி அழுத்தம் விழுந்ததும் உறை மீண்டும் சுருங்கி, சுவரைவிட்டு விலகவேண்டும். விலகுமா? அங்கேதான் மீட்சிப் பண்பு பற்றி வகுப்பில் படித்தது கைகொடுக்கிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். உறையின் அடிப்பகுதியின் விட்டம் ஏறத்தாழ 11.5 மி.மீ. அவ்வளவு பெரிய அழுத்தத்தில் தடித்த எஃகு அறைகூடச் சிறிது விரியும். தோராயமாக 0.03 மி.மீ. என்று கொள்ளலாம். அழுத்தம் நீங்கியதும் அதே 0.03 மி.மீ. சுருங்கி உறையை நெருக்கவரும். உறை அதைவிட அதிகமாகச் சுருங்கினால்தான் தப்பிக்கும். நன்கு கெட்டிப்படுத்திய பித்தளை தன் அளவில் ஆயிரத்தில் மூன்றரைப் பங்கு மீளக்கூடியது. 11.5 மி.மீ. விட்டத்துக்கு இது 0.04 மி.மீ. ஆகிறது. இடைவெளி 0.01 மி.மீ. கிடைத்துவிட்டது, உறை எளிதாக வரும். ஆனால் மெதுவான பித்தளை ஆயிரத்தில் ஒரு பங்குதான் மீளும். அதாவது 0.01 மி.மீ. இப்போது எஃகு முந்திக்கொண்டு உறையைக் கவ்விப் பிடிக்கிறது. வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே உள்ள வேறுபாடு ஒரு தலைமயிரின் பருமனில் பாதிகூட இல்லை!

பித்தளை கெட்டிப்படுவதும் மெதுவாவதும் எதனால்? பாத்திரம் அடிக்கும் கன்னாரைக் கேளுங்கள். தட்டத் தட்டத் தகடு கெட்டிப்படும், உலையில் காய்ச்சினால் மறுபடி இளகும் என்பார். தோட்டா உறையும் ஒரு வட்டத் தகட்டைப் படிப்படியாக அச்சில் இழுத்து, இடையிடையே காய்ச்சிச் செய்வதுதான். போர்க்காலத்தில் பல தொழிற்சாலைகள் இரவு பகலாகக் கோடிக்கணக்கில் செய்தபோது எல்லா உறைகளும் ஒரே பதத்தில், ஒரே அளவில் அமையவில்லை.

'அப்படியானால் எல்லாவற்றையும் மிகக் கெட்டியாகவே செய்துவிட்டால் என்ன?' என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அதற்கு விடை நம் நாட்டிலேயே கிடைத்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் மழைக்காலத்தில் கிடங்குகளில் வைத்திருந்த தோட்டா உறைகள் தாமாகவே வெடித்துக் கீறின. இழுத்துக் கெட்டிப்படுத்தியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட தகைவு ஒரு காரணம். அருகிலிருந்த குதிரை லாயங்களிலிருந்து கிளம்பிய அம்மோனியா ஈரக்காற்றோடு கலந்தது மற்றொரு காரணம். 1921-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. குதிரைச் சாணத்துக்கும் துப்பாக்கித் தோட்டாவுக்கும் இப்படி ஓர் உறவு இருக்குமென்று யார் நினைத்திருப்பார்கள்!

இரண்டாம் உலகப் போரில் செம்புத் தட்டுப்பாட்டால் ஜெர்மனியும் சோவியத் நாடும் எஃகு உறைகளைச் செய்தன. எஃகின் யங் குணகம் பித்தளையினுடையதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே அதே தகைவுக்கு அது பாதியளவே மீளும். பழைய துப்பாக்கிகளில் எஃகு உறை அடிக்கடி சிக்குவதில் வியப்பென்ன?

இனி, பழைய துப்பாக்கி ஒன்றில் உறை சிக்குகிறதென்று ஒருவர் சொன்னால் ஆயுத மெக்கானிக் எப்படி ஆராய்வார்? மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதுபோலத்தான். முதலில் வெறும் தாழைத் திறந்து மூடிப் பார்ப்பார். தோட்டா இல்லாதபோதே தாழ் முரண்டினால் உறைமீது பழிபோடுவதில் பயனில்லை, கோளாறு தாழில். வெறுந்தாழ் வழுக்கிக்கொண்டு போனால் அடுத்து, வெளியே எடுத்த உறையைப் பார்ப்பார். அதன் உடலில் நீளவாட்டில் கீறல்களும் சிறு கொப்புளங்களும் இருந்தால் அறைச் சுவரில் துருக்குழிகள் உள்ளன. அழுத்தத்தில் பித்தளை அக்குழிகளுக்குள் பிதுங்கி, ஆணியடித்தாற்போல் மாட்டிக்கொள்கிறது. பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகப் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் துருவைக் கொண்டுவரும். எண்ணெயில் இந்த உப்பு கரையாது. அதனால்தான் அக்காலச் சிப்பாய்கள் சுட்டபின் குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவி, அதன் பிறகே எண்ணெய் போட்டார்கள்.

உறையிலும் குறி எதுவும் தெரியவில்லையா? துப்பாக்கியை மாற்றாமல் தோட்டாவை மட்டும் மாற்றுவார். பிறகு தோட்டாவை மாற்றாமல் துப்பாக்கியை மாற்றுவார். ஒரு வேளைக்கு ஒன்றைத்தான் மாற்றவேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டால் குணமானது எதனால் என்று பிரம்மாவாலும் சொல்லமுடியாது. (இவை பயிற்சி பெற்றவர்கள் செய்யும் சோதனைகள். உங்களுக்கு டம்ளர்களே போதும்.)

ராஸ் துப்பாக்கி வழக்கில் இந்தச் சோதனை தானாகவே நடந்துவிட்டது. கனடாவில் செய்த தோட்டாக்களை இட்டபோது ராஸ் ஒழுங்காக வேலை செய்தது. பிரிட்டனில் போர்க்கால அவசரத்தில் செய்தவற்றை இட்டபோது சிக்கியது. கனடாவின் படைத்துறை அமைச்சர் சாம் ஹியூஸ் அந்தத் துப்பாக்கியின் பெரும் ஆதரவாளர். குற்றம் தோட்டாவுடையதே என்று அவர் அடித்துச் சொன்னார். சோதனையில் பாதியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மறுபாதி என்ன? அதே தோட்டாக்களை லீ-என்ஃபீல்டு சுட்டுத் தள்ளியது!

உண்மையில் ராஸின் அறை மிக நெருக்கமாகக் கடையப்பட்டிருந்தது. அதை ஆக்கிய சர் சார்லஸ் ராஸ் இலக்குத் தவறாமையில் நாட்டமுள்ளவர். நெருக்கமான அறை குறி தவறாமைக்கு உதவும், சேற்றுக்கும் அளவு சற்றே மிகுந்த தோட்டாவுக்கும் ஆகாது. தவிர, லீ-என்ஃபீல்டின் தாழைத் திறக்கக் கைப்பிடியை மேலே திருகவேண்டும். கைப்பிடி பல சென்டிமீட்டர் நகரும்போது உறை சில மில்லிமீட்டரே பின்வாங்கும். திருகின் தத்துவப்படி விசை பல மடங்காகிறது. ராஸின் தாழையோ நேராகப் பின்னால் இழுக்கவேண்டும். வேகம் அதிகம், ஆனால் டம்ளருக்கு வேண்டிய அந்த முதல் திருகின் பலம் குறைவு.

இனி வெப்பம். விரைந்து சுட்டபோதுதான் தொல்லை மிகுந்தது. குழல் சூடாகி உட்துளை சுருங்கிவிட்டது என்று சிலர் எண்ணக்கூடும். அது தவறு. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவை மாட்டும்போது ஏன் நெருப்பில் காய்ச்சுகிறார்கள்? காய்ந்த வளையத்தின் உட்துளையும் விரியும் என்பதால்தான். அறையும் விரிந்தே இருக்கும். ஆனால் பித்தளை எஃகைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமாக விரிகிறது. உறை 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் அதன் விட்டம் 0.02 மி.மீ. பெருகும். மேலே நாம் கண்ட 0.01 மி.மீ. இடைவெளி எங்கே போகும்?

அறைகளைச் சற்றே அகலமாகக் கடைந்தார்கள். நிலைமை தேறியது, ஆயினும் முழுவதும் தீரவில்லை. பின்னர் நடந்த ஆய்வுகளில் மற்றொரு குற்றவாளி அகப்பட்டது. பின்னால் இழுத்த தாழ் கழன்று வந்துவிடாமல் நிறுத்த ஒரு சிறு எஃகுக் கட்டை உண்டு. ஒவ்வோர் இழுப்பிலும் தாழ்முனையின் பூட்டுப் பற்களில் ஒன்று அந்தக் கட்டையின்மேல் மோதியது. எஃகு போதிய கெட்டியில்லாததால் பல் மெல்ல மெல்ல மழுங்கிப் பிதுங்கியது. பிதுங்கிய பல் தன் காடியில் சிக்கும். சிக்கினால் வீரர் காலால் உதைப்பார், உதைத்தால் பல் இன்னும் வேகமாக மோதும், இன்னும் பிதுங்கும். பதுங்கு குழியில் உயிருக்குப் போராடியவர் தம்மையறியாமலே அந்த நோயை வளர்த்துக்கொண்டிருந்தார். கட்டையைப் பெரிதாக்கி, தாழ்முனையை வெப்பப் பதப்படுத்திக் கெட்டிப்படுத்தினார்கள். அதற்குள் வீரர்களின் நம்பிக்கை போய்விட்டிருந்தது. 1915 ஜூனில் முதல் கனடியப் பிரிவுக்கும், 1916-இல் மற்றப் பிரிவுகளுக்கும் லீ-என்ஃபீல்டு வழங்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் ஹியூஸ் பதவியை இழந்தார். அதற்கு வேறு காரணங்களும் இருந்தன.

எனினும் ராஸ் துப்பாக்கி முற்றிலும் மறையவில்லை. மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் வீரர்கள் பலர் அதைக் கைவிட மறுத்துப் போர் முடியும்வரை வைத்திருந்தார்கள். அவர்கள் தோட்டாக்களைப் பொறுக்கி எடுத்து, அவசரமின்றி அரிதாகவே சுட்டார்கள். அவர்களுடைய தாழும் அவ்வளவு சூடேறவில்லை, அதன் பல்லும் கட்டையில் அவ்வளவாக அடிபடவில்லை.