அஞ்சிய உடலை ஆற்றுதல்



பேரிடர் ஒன்று நேர்ந்த இல்லத்தில் நாம் வழக்கமாகக் கேட்கும் அறிவுரைகள் இரண்டு. ஒன்று, "மனத்தைத் தேற்றிக்கொள்" என்பது. மற்றொன்று, "நடந்ததை மறந்துவிடு" என்பது. இரண்டும் அன்பினால் கூறப்படுவனவே. ஆயினும், இடர்ப்பட்டவரால் இவற்றை உடனே நிறைவேற்ற இயலுவதில்லை. அதற்குக் காரணம் மன உறுதிக் குறைவன்று. உடலின் இயற்கையே ஆகும். இவ்வியற்கையை அறிந்துகொண்டால், அவரைக் கடிந்துகொள்வதை விடுத்து, அவருக்கு உதவும் வழியை நாம் காண இயலும். இதுவே இப்பாடத்தின் நோக்கம்.

1. உடலின் எச்சரிக்கை மணி

நம் விருப்பத்தை எதிர்பாராமல் தாமே இயங்கும் நரம்புகளில் பரிவு நரம்புகள், துணைப்பரிவு நரம்புகள் என இரு பிரிவுகள் உள்ளன. இடர் வரும்போது உடலை முடுக்குபவை பரிவு நரம்புகள். அப்பொழுது இதயத் துடிப்பு மிகும், மூச்சு விரையும், தசைகள் இறுகும், செரிமானம் தடைப்படும், அட்ரினல் சுரப்பி தன் நீரைக் குருதியில் கலக்கும். பாம்பைக் கண்டவர் துள்ளி விலகும்போது அவர் உடலில் நிகழ்வது இம்முடுக்கமே. போரிடுவதற்கோ தப்பியோடுவதற்கோ உடல் ஆயத்தமாகும் இந்நிலையை, அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். இடர் நீங்கியபின் உடலை அமைதிக்கு மீட்பவை துணைப்பரிவு நரம்புகள்.

பேரதிர்ச்சிக்கு ஆளான சிலரிடம், இடர் நீங்கிய பின்னும் இந்த எச்சரிக்கை மணி ஓய்வதில்லை. சாலை விபத்தில் தப்பியவர், பல நாட்கள் கழித்தும், பேருந்தின் ஒலிப்பானைக் கேட்டு நடுங்குகிறார். அச்சத்தை உணர்த்தும் மூளைப் பகுதியாகிய அமிக்டலா, அன்று கேட்ட ஒலியை இடரோடு பிணைத்துவிட்டது. எனவே "இப்போது ஒன்றுமில்லை" என்று அறிவு கூறினாலும், உடல் அதனை ஏற்பதில்லை. தூக்கமின்மை, திடுக்கிடல், எரிச்சல், மறதி, தீக்கனவு ஆகியன இதன் அடையாளங்கள்.

2. ஆழிப்பேரலை தந்த படிப்பினை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடல் அடங்கிய பின்னும், அலையோசை கேட்டு அஞ்சிய குழந்தைகள் பலர் இருந்தனர். பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தினர் உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சியளித்தனர். குழந்தைகளுக்கு விளையாட்டும், ஓவியமும், கதையும் மருந்தாகப் பயன்பட்டன.

உலக நலவாழ்வு நிறுவனம் பிற அமைப்புகளுடன் சேர்ந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று கடமைகளைக் கூறுகிறது. அவை: நிலைமையைப் பார்த்தல், செவிகொடுத்தல், வேண்டிய உதவியோடு இணைத்தல். நடந்ததை விவரிக்குமாறு இடர்ப்பட்டவரை வற்புறுத்தலாகாது என்பதும் அதன் அறிவுரை. துக்கம் கேட்க வரும் ஒவ்வொருவரும் "எப்படி நடந்தது?" என்று வினவும் நம் வழக்கத்தை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

3. தன்னைப் பேணும் முறைகள்

(அ) மூச்சு: நான்கு நொடிகள் மூச்சை உள்ளிழுத்து, ஆறு நொடிகள் மெல்ல வெளிவிடுக. இவ்வாறு செய்தால் நிமிடத்திற்கு ஆறு மூச்சுகள் ஆகும். மூச்சை வெளிவிடும்போது, வேகஸ் என்னும் நரம்பின் செயலால் இதயத் துடிப்பு சற்றே தணிகிறது. ஐந்து நிமிடங்கள் போதும். மூச்சை அடக்க வேண்டா; தலை சுற்றினால் நிறுத்திவிடுக.

(ஆ) புலன்கள்: அச்சம் மேலிடும்போது, காணும் பொருள்கள் ஐந்து, தொட்டுணர்பவை நான்கு, கேட்கும் ஒலிகள் மூன்று, மணங்கள் இரண்டு, சுவை ஒன்று என எண்ணுக. உடல் அன்றைய இடத்தைவிட்டு இன்றைய இடத்திற்கு மீள இஃது உதவும்.

(இ) ஒழுங்கு: உரிய நேரத்தில் உணவு, நீராடல், காலையில் சிறு நடை, குறித்த நேரத்தில் படுக்கை ஆகியன இன்றியமையாதவை. இரவில் காப்பியும், விபத்துக் காட்சிகளைத் திரும்பத் திரும்பக் காட்டும் தொலைக்காட்சியும் கைபேசியும் வேண்டா.

(ஈ) துணை: நம்பிக்கைக்குரிய ஒருவர் பேசாமல் அருகில் அமர்ந்திருப்பதும் ஆறுதலே.

4. இல்லத்தாரின் கடமை

தந்தையை இழந்த சிறுவன் வகுப்பில் பாடத்தைக் கவனியாது அமர்ந்திருக்கிறான் என்று கொள்வோம். அவனைச் சோம்பேறி என்று ஆசிரியர் தண்டிப்பாராயின், அஞ்சிய உடல் மேலும் அஞ்சும். பெற்றோரோ உறவினரோ முன்னதாகவே பள்ளிக்குச் சென்று, நிகழ்ந்ததைத் தலைமையாசிரியரிடம் தெரிவித்தல் நன்று. அவ்வாறே, கணவனை இழந்த பெண் அழாதிருந்தால் கல்நெஞ்சம் என்றும், அழுதால் மனத்திடம் இல்லை என்றும் கூறுதல் முறையன்று.

நம் இல்லங்களில் சாமாயிகத்திற்காக 48 நிமிடங்கள் அமரும் வழக்கம் உண்டு. மன அமைதிக்கு அது துணைபுரியும். எனினும், அண்மையில் அதிர்ச்சியுற்ற சிலருக்குக் கண்களை மூடியவுடனே அக்காட்சி தோன்றும். அத்தகையோரை நெடுநேரம் அமருமாறு வற்புறுத்தாமல், கண்களைத் திறந்தவாறே சில நிமிடங்கள் அமரச் செய்து, பின்னர்ப் படிப்படியாக நீட்டலாம். உறக்கமும் உணவும் குன்றியவர்கள் நீண்ட உண்ணாநோன்பினை மருத்துவரைக் கேட்டே மேற்கொள்ள வேண்டும்.

5. மருத்துவரை நாடும் காலம்

பெரும்பாலோர் சில வாரங்களில் தாமே தேறுவர். மேற்கூறிய அடையாளங்கள் ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து, அன்றாட வாழ்வை முடக்குமாயின் மனநல மருத்துவரை நாட வேண்டும். இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. வாழ விருப்பமில்லை என்று எவரேனும் கூறினால், ஒரு நாளும் தாழ்த்தலாகாது. அவரைத் தனியே விடவும் கூடாது. நடுவண் அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். எலும்பு முறிந்தவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நாம் நாணுவதில்லை. இதற்கும் நாண வேண்டுவதில்லை.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. இடர் நீங்கிய பின்னும் உடல் அஞ்சுவது ஏன்?
2. துக்க வீட்டிற்குச் செல்லும்போது நாம் தவிர்க்க வேண்டிய கேள்வி யாது? அதற்கு மாற்றாக நாம் செய்யத்தக்க சிறு உதவிகள் மூன்று கூறுக.
3. மூச்சுப் பயிற்சியை இன்றிரவு குடும்பத்தினர் அனைவரும் ஐந்து நிமிடங்கள் செய்து பாருங்கள். இடர் வராத காலத்தில் பழகியதே இடர் வந்தபோது எளிதாகக் கைகொடுக்கும்.