ஐந்து சான்றும் ஒரு வகுத்தலும்

3, 5, 17, 257, 65537 ஆகியவை பகா எண்கள். இவ்வரிசையில் ஓர் எண்ணிலிருந்து ஒன்றைக் குறைத்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும். இவ்வாறு தொடரும் எண்கள் அனைத்தும் பகா எண்களே என 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். ஆறாம் எண் 4294967297. அது 641ஆல் மீதியின்றி வகுபடும் என 1732இல் ஆய்லர் காட்டினார், ஈவு 6700417.

இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவாயினும், அதனை 64ஆல் வகுத்தால் மீதி 1 என்பதை அவர் பின்னர் நிறுவினார். இப்பண்புடைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடரும். எனவே, ஐந்தாம் வகுத்தலிலேயே விடை கிட்டிவிடும்; நீங்களும் வகுத்துப் பாருங்கள். சான்றுகள் நம்பிக்கையை வளர்க்கும்; நிறுவலே உண்மையை நிலைநாட்டும்.