உடன் மடிந்தோர் ஒருங்கு வாழ்வரோ?

பாலகாட்டில் ஞாயிறு மாலைதோறும் நாம் கூடிப் படித்துவரும் மணிமேகலைப் பாடத்தினிடையே அன்பர் ஒருவர் எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். ஜப்பானிய நாடகமொன்றின் கதையை அறிந்திருந்த அவர், "அதில் காதலர் இருவர் புத்தர் திருநாமத்தை உச்சரித்தவாறே உயிர் விடுகின்றனர், அவர்கள் புத்த நிலை எய்துவர் என்றே நாடகமும் முடிகிறது. இது நம் அறத்துக்கு ஒக்குமா?" என்று வினவினார். விடை கூறுமுன் கதையை அறிதல் வேண்டும்.

அது சிகமட்சு மொன்சயெமோன் என்னும் ஆசிரியர் பொம்மலாட்ட மேடைக்கென இயற்றிய 'சொனெசாகி சிஞ்ஜூ'. 1703-இல் ஒசாகா நகரில் மெய்யாக நிகழ்ந்த துயரத்தை, ஏறத்தாழ ஒரு திங்களுக்குள் அவர் மேடையேற்றினார். தொகுபெய் என்பான் தன் உறவினரின் சோயாச் சாற்றுக் கடையில் பணியாளன். பரத்தையர் இல்லத்தில் அடைபட்ட ஒஹட்சு என்பாளிடம் அன்பு பூண்டவன். முதலாளியோ தம் மனைவியின் உறவுப் பெண்ணை அவனுக்கு மணம்பேசிப் பொருளும் தருகிறார். அவனறியாமல் மாற்றாந்தாய் அதனைப் பெற்றுக்கொள்கிறாள். அவன் மணத்தை மறுத்து, அப்பொருளை அரிதின் மீட்டு வருகையில், நண்பனொருவன் சில நாள் கடனாகக் கேட்டு வாங்கிப் பின்னர் வாங்கவேயில்லை என்று சாதிக்கிறான். கள்ளமுத்திரை இட்டவன் என்னும் பழியும் அடியும் தொகுபெய்க்கே கிட்டுகின்றன. இருவரும் சொனெசாகிக் காட்டில் உயிர் துறக்கின்றனர்.

ஜப்பானியர் குடும்பத்துக்கும் ஊருக்கும் ஆற்றவேண்டிய கடனைக் 'கிரி' என்றும், நெஞ்சின் ஈர்ப்பை 'நிஞ்ஜோ' என்றும் வழங்குவர். (கிரி என்பது நம் செவிக்கு மலையென ஒலிப்பது தற்செயலே, ஆயினும் அவ்விருவர்மீதும் அது மலையாகவே விழுந்தது.) நாடகத்தின் தொடக்கத்தில் ஒஹட்சு அவலோகிதரின் முப்பத்துமூன்று தலங்களை வலம்வருகிறாள். கருணையே வடிவான போதிசத்துவரைத் தொழுதவளுக்குக் கருணை காட்ட மனிதரில் ஒருவருமில்லை.

இத்தகைய நாடகங்களைக் கண்டு அவ்வழியே செல்வோர் பெருகினர் என அஞ்சி, 1723-இல் அந்நாட்டு அரசு இவ்வகைக் கூத்துகளைத் தடைசெய்தது. நெடுங்காலம் ஆடப்படாதிருந்த சொனெசாகி, 1953-இல் கபுகி அரங்கிலும் 1955-இல் பொம்மலாட்ட மேடையிலும் மீண்டும் ஏறிற்று.

நிற்க. இவ்வினாவுக்குச் சாத்தனார் முன்னரே விடை கூறியுள்ளார் என்பது நம் துணிபு. மணிமேகலையும் பரத்தையர் குலத்துப் பிறந்தவளே. மாதவி அவளைத் தவநெறியில் செலுத்த, பாட்டியாகிய சித்திராபதி குலவொழுக்கம் கெட்டதென்று வெகுண்டு, சோழன் மகன் உதயகுமரனைத் தூண்டிவிடுகிறாள். அவன் வந்தபோது தன் நெஞ்சும் அவன்பின் சென்றதென்று மணிமேகலை சுதமதியிடம் ஒளியாமல் உரைக்கிறாள். துறவுக்குரியவள் நெஞ்சில் காதலே எழவில்லை என்று காட்டாத சாத்தனாரின் நேர்மையை என்னென்பது!

அந்த ஈர்ப்பின் காரணம் மணிபல்லவத்துப் புத்த பீடிகையின்முன் விளங்குகிறது. முற்பிறப்பில் அவள் இலக்குமி, அவன் இராகுலன், கணவன் மனைவியர். திட்டிவிடம் என்னும் பாம்பினால் அவன் மடிய, அவளும் உடன் தீப்புகுந்தாள். பயன் என்ன? இங்கேதான் வாசகர் ஊன்றி நோக்குதல் வேண்டும். உடன் மடிந்தும் ஒருங்கு வாழும் பேறு கிட்டவில்லை. அவன் கோமகனாகவும் இவள் கணிகை மகளாகவும் பிறந்தனர். பற்று மட்டும் அறாமல் தொடர்ந்தது. ஒஹட்சு எந்த வாயிலைத் திறந்து வெளியேற எண்ணினாளோ, அவ்வாயிலை இலக்குமி முன்னரே திறந்து பார்த்துவிட்டாள்.

உலகவறவியில் காஞ்சனன் வாளால் உதயகுமரன் வீழ்ந்தபோது, மணிமேகலை பழம்பிறப்பை நினைந்து அரற்றி அவனுடலை நோக்கிச் செல்கிறாள். அணுகாதே என்று கந்திற்பாவை தடுக்கிறது. பல பிறப்பில் அவன் உனக்குக் கணவன், நீ அவனுக்கு மனைவி. அத்தொடர்பை அறுக்கப் புறப்பட்ட நீ மீண்டும் கலங்குவதோ என்பது அதன் பொருள். அழுகையை அது பழிக்கவில்லை. அடுத்த அடியை மட்டுமே நிறுத்திற்று.

ஆதலின் அன்பருக்கு நம் விடை: நாடகத்தின் இறுதி வாழ்த்து இரக்கத்தின் பாற்பட்டது, அறத்தின் தீர்ப்பு அன்று. ஆயினும் மடிந்த இருவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. பேசாமல் பொருளை வாங்கிய தாயையும், உறவைக் காட்டி இளையோன் வாழ்வைக் கட்டிய முதலாளியையும் நம்மிடையேயும் காண்கிறோம். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின் நம் பிள்ளைகள் பலர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைக்கின்றனர். அவர்களில் எவரேனும் தம் நெஞ்சுக்கு உகந்தவரின் பெயரை வீட்டில் சொன்னால், முதலில் நாம் கேட்பது குலமா, குணமா? குலம் என்றால் நாமும் சித்திராபதியின் பக்கமே நிற்கிறோம்.

மகனை இழந்த அரசமாதேவி மணிமேகலையைத் துன்புறுத்தியதும், நீ அழுவது உடல் குறித்தோ உயிர் குறித்தோ என அவள் தேவியை வினவியதும் சிறைவிடு காதையில் உள்ளன. அதனை அடுத்த ஞாயிறன்று படிப்போம். பெற்றோர் தம் பிள்ளைகளையும் உடனழைத்து வருக.